நாக்கைப் பழக்குதல்: கூழாங்கல்லிலிருந்து ஊதல் வரை

1

அக்கா மகனுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. ‘ம்’, ‘தா’, அப்புறம் அவனுக்கு மட்டுமே அர்த்தமாகிற ஓர் இழுவை ஒலி. இவ்வளவுதான் பேச்சு. வீட்டில் முதலில் நடந்தது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள் (வசம்பு சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று மருத்துவர்கள் சொல்வது தனிக்கதை). சித்தப்பா மூணு வயசு வரை வாயே திறக்கவில்லை, திறந்த பிறகு மூடவே இல்லை என்கிற குடும்பக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. கடைசியில் பக்கத்து நகரத்தில் ஒரு பயிற்சி மையம். அங்கிருந்து அக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு திரும்பினாள். அதற்குள் அளவு அளவாக ஐந்தாறு ஊதல்கள், வெவ்வேறு நீளத்தில் வெட்டிய ஸ்ட்ராக்கள், கடிப்பதற்கு ஒரு ரப்பர் குழாய், நாக்கை அழுத்த மரப்பட்டை, பேட்டரியில் அதிர்கிற ஒரு சின்ன பிரஷ். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். ஊத வேண்டும், உறிஞ்ச வேண்டும், கடிக்க வேண்டும். நாக்கை மேலே, கீழே, இடம், வலம் என்று ஆட்ட வேண்டும். இதற்கு ‘ஓரல் மோட்டார்’ பயிற்சி என்று பெயர்.

பத்து நாள் கழித்து அக்கா கேட்டாள்: “ஏண்டா, நீ தமிழ் எம்.ஏ. படிச்சவன்தானே. ஊதல் ஊதினா ‘அம்மா’ வருமாடா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. தொல்காப்பியம் பிறப்பியல் படித்தவன், யாக்கப்சன் பற்றி இரண்டு கருத்தரங்குகளில் பேசியவன். ஒரு தாயின் கேள்விக்கு முன்னால் இதெல்லாம் வெறும் காகிதமாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. பேசாத வாயைப் பேசவைக்க மனிதர்கள் அந்த வாய்க்குள் என்னென்ன வைத்தார்கள், எந்த நம்பிக்கையில் வைத்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது பேச்சின் வரலாறு என்பதைவிட, பேச்சு என்றால் என்ன என்று அதிகாரம் உள்ளவர்கள் கருதிக்கொண்டதன் வரலாறு என்பதே பொருந்தும்.

2

இந்த வரலாற்றின் முதல் கருவி கூழாங்கல். கி.மு. 384-ல் பிறந்து 322-ல் இறந்த கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ், வாயில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு பேசிப் பழகினார், மேட்டில் ஓடிக்கொண்டே மூச்சிரைக்கப் பேசினார் என்று ப்ளூட்டார்க் எழுதுகிறார். ரோமானியரான சிசரோ இன்னொரு தகவலைத் தருகிறார். தான் கற்க விரும்பிய கலையின் கிரேக்கப் பெயரிலுள்ள முதல் எழுத்தையே, அதாவது ரகரத்தையே, டெமாஸ்தனிஸால் உச்சரிக்க முடியவில்லையாம், பயிற்சியால் வென்றாராம்.

இந்தக் கதையின் செல்வாக்கு சாதாரணமானதல்ல. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜின் திக்கலைப் பற்றி 2010-ல் வந்த ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ படத்தில்கூட, ஒரு மருத்துவர் அவர் வாயில் கோலிக்குண்டுகளைப் போட்டுப் படிக்கச் சொல்கிறார். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் கழித்தும் அதே கல்தான். ஆனால் ப்ளூட்டார்க் சொல்வதை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். டெமாஸ்தனிஸ் கல்லை வைத்துக்கொண்டு சும்மா நாக்கை ஆட்டவில்லை, பேசினார். நிலவறையில் மாதக்கணக்காகத் தங்கிப் பேசிப் பழகினார், பெரிய கண்ணாடி முன்னால் நின்று பேசினார். பேச்சைப் பழகப் பேச்சையே கருவியாகக் கொண்டவர் அவர். பின்னால் வந்தவர்கள் பேச்சை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

3

ஐரோப்பாவில் இது ஒரு ‘துறை’யாக உருவெடுப்பது 18-ம் நூற்றாண்டில். காது கேளாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுத்தருவது அறிவொளிக் காலத்துக்கு ஒரு சவாலாக இருந்தது. மனிதனை மனிதனாக்குவது பேச்சு என்றால், பேசாதவன் யார்? இந்தக் கேள்விக்குள் ஒரு பயமும் இருந்தது.

லைப்சிக்கில் 1778-ல் பள்ளி தொடங்கிய சாமுவேல் ஹைனிக்கே உயிரொலிகளைச் சுவைகளோடு இணைத்தார். ஒரு ஒலிக்கு வினிகர், ஒன்றுக்குச் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றுக்குக் கசப்பு மூலிகைச் சாறு, ஒன்றுக்கு ஆலிவ் எண்ணெய் என்று நாக்கில் தொட்டுவைத்தார். காது தர முடியாததை நாக்கு தரும் என்பது அவர் கணக்கு. அதே காலத்தில் பாரிசில் அபே த லெப்பே என்ற பாதிரியார், காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சைகைகளிலிருந்தே கற்பிக்கலாம் என்று வேறு வழியில் போனார். ஹைனிக்கேக்கும் லெப்பேக்கும் இடையே கடிதச் சண்டை நடந்தது. வாயா, கையா என்கிற அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை.

இங்கே நாம் இத்தாரிடம் வந்தாக வேண்டும். பிரான்சின் அவெரோன் பகுதிக் காடுகளில் திரிந்த, பேச்சற்ற சிறுவன் ஒருவன் 1800 ஜனவரியில் பிடிபட்டான். பாரிசில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த இளைஞர் ழான் இத்தார் அவனுக்கு விக்தோர் என்று பெயரிட்டு, ஐந்தாறு வருடம் பேசவைக்கப் பாடுபட்டார். 1801-லும் 1806-லும் இரண்டு அறிக்கைகள் எழுதினார். திரைப்பட இயக்குநர் த்ரூஃபோ 1970-ல் இதைப் படமாக எடுத்துத் தானே இத்தாராக நடித்தார்.

விக்தோர் சொன்ன மிகச் சில சொற்களில் ஒன்று பிரெஞ்சில் பாலைக் குறிக்கும் ‘லே’. பாலை வைத்துக்கொண்டு, சொன்னால்தான் தருவேன் என்று இத்தார் காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. பால் கையில் வந்த பிறகு சந்தோஷத்தில் சொன்னான்! தேவையைச் சொல்லும் குறியாக அது வரவில்லையே என்று இத்தார் மனம் உடைந்துபோனார். எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் முக்கியமான காட்சி இதுதான். ஒரு சிறுவன் மகிழ்ச்சியில் ஒரு சொல்லைச் சொல்கிறான். ஆசிரியருக்கு அது தோல்வியாகத் தெரிகிறது. கேட்பதற்காக மட்டுமே பேச்சு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட காதுக்கு, கொண்டாடுகிற பேச்சு கேட்கவில்லை. தன்னை வளர்த்த மதாம் கெரான் என்ற பெண்ணோடு விக்தோர் சொல்லில்லாமலே நிறையப் பேசிக்கொண்டிருந்தான் என்பது இத்தாரின் அறிக்கையிலேயே இருக்கிறது. அதை அவர் பேச்சாகக் கணக்கில் எடுக்கவில்லை. விக்தோர் 1828-ல் பாரிசில் இறந்தான்.

இதே இத்தார்தான் 1817-ல் திக்குவாய் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கருவியை முன்வைக்கிறார். தங்கத்திலோ தந்தத்திலோ செய்த சின்ன முட்கரண்டி. நாக்கின் அடியில் வைத்து அதைத் தாங்கிப் பிடிப்பதற்கு. நாக்கு பலவீனமானது, அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்கிற கருத்து உலோக வடிவம் பெறுவது இங்கேதான். அக்கா கொண்டுவந்த டப்பாவின் முப்பாட்டன் இந்தத் தங்கக் கரண்டி.

4

முட்டுக்கொடுக்கலாம் என்றால் வெட்டவும் செய்யலாம். பெர்லினின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் டீஃபன்பாக் 1841-ல் திக்குகிறவர்களின் நாக்கின் வேர்ப்பகுதியில் குறுக்கே வெட்டி, ஆப்பு வடிவில் சதையை எடுத்தார். தசை இசிவுதான் திக்கலுக்குக் காரணம், வெட்டினால் இசிவு தளரும் என்பது தர்க்கம். ஈதர் மயக்க மருந்து அறுவைக்கு வந்தது 1846-ல். அதாவது இதெல்லாம் விழித்திருக்கும் உடலில் நடந்தது. செய்தி பரவிய வேகத்தில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் மருத்துவர்கள் போட்டி போட்டு வெட்டினார்கள். பலன் நிலைக்காது என்று தெரிந்ததும் சீக்கிரத்திலேயே கைவிட்டார்கள். வெட்டுப்பட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பது பிரதிகளில் அநேகமாக இல்லை. திக்குகிறவனின் சாட்சியம் எங்கேதான் இருக்கிறது?

நாக்கின் அடியில் உள்ள சவ்வை அறுப்பது இதைவிடப் பழசு. பிறந்த குழந்தையின் நாக்குச் சவ்வைக் கிழிக்கவென்றே ஒரு விரல் நகத்தை வளர்த்துக்கொண்ட ஐரோப்பிய மருத்துவச்சிகளைப் பற்றிப் பழைய நூல்கள் பேசுகின்றன. இந்த நூற்றாண்டில் அது லேசர் வடிவில் திரும்ப வந்திருக்கிறது. பால் குடிக்கச் சிரமப்படும் சில குழந்தைகளுக்கு இது உதவக்கூடும். ஆனால் பேச்சு வராததற்காக நாக்குச் சவ்வை வெட்டுவதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ‘நாக்கு ஒட்டியிருக்கு, அறுத்துவிட்டால் பேசிவிடுவான்’ என்கிற யோசனையை நம் ஊர்களிலும் கேட்கலாம். அறுப்பதற்கு முன்னால் குழந்தையின் காதைப் பரிசோதித்தார்களா என்று கேட்டால் பல இடங்களில் பதில் வராது.

இப்போது மிலான். 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு கூடியது. 164 பிரதிநிதிகள். அதில் காது கேளாதவர் ஒரே ஒருவர். சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது என்ற தீர்மானம் 160-க்கு 4 என்ற கணக்கில் நிறைவேறியது. அதன் பிறகு பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி தடை செய்யப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளைகளின் கைகளை அடித்தார்கள், கட்டிவைத்தார்கள். அந்தக் கைகள் சும்மா இருந்த வகுப்புகளில் வாய்கள் கடுமையாக உழைத்தன. மெழுகுவர்த்தி அணைய ‘ப’ சொல்ல வேண்டும், காகிதத் துண்டு அசையச் சொல்ல வேண்டும், ஆசிரியரின் தொண்டையைத் தொட்டு அதிர்வைப் பிடிக்க வேண்டும். தவறினால் ஒரு பட்டை வாய்க்குள் போய் நாக்கைச் சரியான இடத்தில் வைக்கும். வரலாறும் கணக்கும் கற்க வேண்டிய வருடங்கள் ஓர் ஒலியைச் சரியாக எழுப்புவதில் கழிந்தன.

இந்த இயக்கத்தின் பெரிய பெயர் தொலைபேசிக்குப் பெயர்போன அலெக்சாண்டர் கிரகாம் பெல். அவருடைய அப்பா மெல்வில் பெல் 1867-ல் ‘காணும் பேச்சு’ என்ற எழுத்து முறையை வெளியிட்டார். ஒவ்வோர் எழுத்தின் வடிவமும் அந்த ஒலிக்கு நாக்கும் உதடும் நிற்கும் நிலையைக் காட்டும். மகன் இதைக் காது கேளாதோர் வகுப்புக்குக் கொண்டுபோனார். அவருடைய அம்மாவும் மனைவியும் காது கேளாதவர்கள். அன்பில்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் அதே பெல், 1883-ல் காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணந்துகொண்டால் மனித இனத்தில் ஒரு ‘செவிட்டு வகை’ உருவாகிவிடும் என்று எச்சரித்து எழுதினார். அன்பும் இன மேம்பாட்டு வாதமும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுத முடியும் என்பதற்கு இது உதாரணம். மிலான் தீர்மானங்களுக்காக அந்த மாநாட்டின் வழிவந்த அமைப்பு வருத்தம் தெரிவித்தது 2010-ல், வான்கூவரில். 130 வருடம்!

ஃபூக்கோவைப் படித்தவர்கள் இதில் ஒழுங்குபடுத்தப்பட்ட உடலைக் காண்பார்கள். சரிதான். ஆனால் ஃபூக்கோவை மேற்கோள் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிற நம் சூழலின் பழக்கம் இங்கே போதாது. சிறைச்சாலைக்கும் படைமுகாமுக்கும் ஆள்பிடித்துத்தான் கொண்டுபோனார்கள். இங்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது தாய், ஏக்கத்தோடு வருகிறாள். அந்த ஏக்கத்தைக் கணக்கில் எடுக்காத விமர்சனம் அவளுக்கு எதிரானதாகவே முடியும்.

5

20-ம் நூற்றாண்டில் இந்த வேலை ஒரு தொழிலாகிறது. அமெரிக்காவில் பேச்சுத் திருத்துநர்களின் சங்கம் 1925-ல் உருவானது. வியன்னாவின் எமில் ஃப்ரோஷல்ஸ் 1924-ல் சர்வதேச ‘லோகோபீடிக்ஸ்’ சங்கத்தைத் தொடங்கினார். மைசூரில் 1965-ல் தொடங்கிய, இன்று அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் எனப்படும் நிறுவனத்தின் முதல் பெயரும் அந்தச் சொல்லைத் தாங்கியதுதான். நாஜிகளால் அமெரிக்காவுக்குப் பெயர்ந்த ஃப்ரோஷல்ஸ், மெல்லுவதும் பேசுவதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கருதி, மென்றுகொண்டே குரலெழுப்பும் சிகிச்சையைப் பரப்பினார். எட்னா ஹில் யங் என்ற பெண்மணி குழந்தையின் முகத்தையும் தாடையையும் தன் விரல்களாலேயே நகர்த்தி ஒலியை வடிக்கும் முறையை உருவாக்கினார். அதைப் பற்றிய நூல் 1938-ல் வந்தது. அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விரல் முகத்தில் இருக்கிறபோதே அங்கே ஒலியும் சொல்லும் இருந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்தவர்களிடமிருந்து இன்னொரு ஓடை வருகிறது. இந்தக் குழந்தைகளுக்கு விழுங்குவது சிரமம், மெல்லுவது சிரமம், எச்சில் ஒழுகும், புரையேறும். எனவே உண்ணக் கற்றுத்தர வேண்டியிருந்தது. தாடையைப் பிடித்துக்கொடுப்பது, உதட்டை மூடப் பழக்குவது, கரண்டியை எந்தக் கோணத்தில் வைப்பது என்று நுட்பமான, உபயோகமான ஒரு கைத்தொழில் வளர்ந்தது. இதை யாரும் மறுக்க முடியாது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், உண்பதற்கான இந்தக் கருவிகள் மெல்ல எல்லை தாண்டிப் பேச்சுக்குள் வந்த இடத்தில். உறிஞ்சுவதற்கும் கடிப்பதற்கும் பயன்படுவது இதே நாக்கு, இதே உதடு, இதே தாடை. ஆகவே இவற்றைப் பலப்படுத்தினால் பேச்சும் பலப்படும் என்ற வாதம். 20-ம் நூற்றாண்டின் கடைசி இருபது முப்பது வருடங்களில் அமெரிக்காவில் இது பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்தது. முதல் ஊதல், இரண்டாம் ஊதல், முதல் ஸ்ட்ரா, இரண்டாம் ஸ்ட்ரா என்று படிக்கட்டு. 2008-ல் அமெரிக்காவில் லாஃப், வாட்சன் என்ற இருவர் 537 பேச்சுப் பயிற்சியாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 85 சதவீதம் பேர், ஒலி எழுப்பாத இவ்வகை வாய்ப் பயிற்சிகளைப் பேச்சொலியை மாற்றப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்.

இத்தனை பேர் செய்கிறார்களே, பலன் இருக்கிறதா? 2015-ல் காக்ரன் என்ற மருத்துவ ஆய்வு வலையத்துக்காக ஆலிஸ் லீ, ஃபியோனா கிப்பன் இருவரும் கிடைத்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். தரத்தில் தேறியவை மூன்று. மூன்றிலும் சேர்த்துக் குழந்தைகள் 22 பேர்தான். பேச்சொலிக் குறைபாட்டுக்கு இந்தப் பயிற்சிகள் உதவும் என்று சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது முடிவு. பெட்டிக்கு விலை இருக்கிறது, ஆதாரம் இல்லை.

6

ஏன் உதவாது என்பதுதான் என்னைப் போன்ற இலக்கிய ஆளுக்கு உண்மையில் சுவாரஸ்யமான இடம். இது மொழி பற்றிய கேள்வியாகவே வந்து நிற்கிறது.

ஒன்று, பலம். பேசுவதற்கு வாயின் பலத்தில் மிகக் கொஞ்சமே வேண்டும். உதட்டின் முழுப் பலத்தில் பத்திலிருந்து இருபது சதவீதம் வரை போதும் என்கிறார்கள். வேண்டியது வேகமும் துல்லியமும். முறுக்கு கடிக்கிற பிள்ளைக்குப் பேசப் பலமில்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டு, தசை ஒன்றாக இருந்தால் வேலையும் ஒன்றாகிவிடாது. 1996-ல் மூர், ருவார்க் என்ற ஆய்வாளர்கள் 15 மாதக் குழந்தைகளின் தாடைத் தசைகளின் மின்னசைவைப் பதிவு செய்தார்கள். மெல்லும்போது ஒரு ஒழுங்கு, உறிஞ்சும்போது ஒன்று, மழலை பேசும்போது இன்னொன்று. பேச்சின் ஒருங்கிணைப்பு அந்தப் பழைய அசைவுகளிலிருந்து வளர்ந்ததாகத் தெரியவில்லை; அது ஆரம்பத்திலேயே தனியாக இருக்கிறது. ஊதும்போது மேலண்ணம் அசைகிற விதம் வேறு, பேசும்போது வேறு என்பதை அண்ணப்பிளவுக் குழந்தைகளோடு வேலை செய்தவர்கள் இதற்கும் முன்பே கண்டிருந்தார்கள். விரலைப் பலப்படுத்தினால் வீணை வந்துவிடுமா என்ன? வீணை வாசித்தால்தான் வீணை வரும்.

மூன்று, யாக்கப்சன். நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்த ரோமன் யாக்கப்சன் 1941-ல் ஸ்வீடனில் ஒரு சின்ன நூல் வெளியிட்டார். குழந்தை மொழி, மூளைப் பாதிப்பால் பேச்சிழத்தல், ஒலி விதிகள் மூன்றையும் இணைத்த நூல் அது. மழலைப் பருவத்தில் குழந்தை உலகத்து ஒலிகளையெல்லாம் எழுப்புகிறது. மொழிக்குள் நுழைகிறபோது அவற்றில் பலவற்றை இழக்கிறது என்றார். விளையாட்டில் ரகரம் உருட்டுகிற பிள்ளை சொல்லில் ரகரத்தைத் தவறவிடும். அப்படியானால் தடை நாக்கில் இல்லை. ஒலிகளுக்கு இடையிலான வேறுபாட்டு அமைப்பில் இருக்கிறது. மழலைக்கும் மொழிக்கும் நடுவே அவர் சொன்ன அளவு பெரிய பிளவு இல்லை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் ஒலியை எழுப்ப முடிவது வேறு, ஒலியை அர்த்த வேறுபாட்டுக்குப் பயன்படுத்துவது வேறு என்கிற அவருடைய அடிப்படை நிற்கிறது. அர்த்தமில்லாத ஊதலில் அந்த இரண்டாவது விஷயத்துக்கு இடமே இல்லை.

இந்த இடத்தில் நம்முடைய பிறப்பியலை மறுபடி வாசிக்கலாம். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைகொண்டு பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி ஒலியாவதைத் தொல்காப்பியம் சொல்கிறது. ரகரமும் ழகரமும் நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை. வருடுதல் என்கிற சொல்லைப் பாருங்கள். அங்கே பலத்துக்கு வேலையில்லை, தொடுகையின் தன்மைக்குத்தான் வேலை. பெல்லின் ‘காணும் பேச்சு’க்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் நாக்கின் இடம் இங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். வடமொழிச் சிட்சை நூல்கள் ஐரோப்பிய ஒலியியலுக்கு என்ன தந்தன என்பதை டபிள்யூ. எஸ். ஆலன் 1953-லேயே நூலாக எழுதியிருக்கிறார். ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் நம்மிடமும் நாக்குத் திருத்தும் ஒரு மரபு இருக்கிறது. பழத்தைப் ‘பளம்’ என்பவர் தெற்கிலும் ‘பயம்’ என்பவர் வடக்கிலும் உண்டு. இவை வட்டார வழக்குகள், ஊனமல்ல. ஆனால் பள்ளிக்கூடத்தில், மேடையில், தமிழ்த் துறையின் நேர்முகத் தேர்வில், ழகரம் ஒரு சோதனைச் சாவடியாக நிற்கிறது. அதைத் தாண்ட முடியாத நாக்கு எந்தத் தெருவிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து வருகிறது என்று கேட்பவர் காதுகள் உடனே கணக்குப் போட்டுவிடும். ‘ஊமை’, ‘திக்குவாயன்’, ‘கொன்னைவாய்’ என்று வசைக்கென்றே சொற்கள் வைத்திருக்கிற மொழி நம்முடையது. நம் நாடகங்களும் சினிமாக்களும் திக்குகிறவனை வைத்து எத்தனை சிரிப்பை விளைவித்திருக்கின்றன! மிலானைக் குறை சொல்வதற்கு முன் இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ரகரமும் ழகரமும் குழந்தைகள் பிந்திப் பழகும் ஒலிகள். மூன்று வயதுப் பிள்ளையிடம் ‘வாழைப்பழம் சொல்லு’ என்று வற்புறுத்துகிற மாமாக்களும் ஒருவகைப் பட்டைக்காரர்கள்தாம்.

7

பிறகு என்னதான் செய்வது? விமர்சனம் எழுதிவிட்டுப் போய்விடுவது எங்களைப் போன்றவர்களுக்குச் சுலபம். அக்காவுக்கு அது உதவாது.

முதலில் காது. பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் முதல் வேலை செவிப் பரிசோதனை. இரண்டாவது, உண்பதில் சிக்கல் இருந்தால், புரையேறினால், அதற்கான பயிற்சி உண்பதற்காக வேண்டும். அங்கே இந்தக் கருவிகளில் சிலவற்றுக்கு நியாயமான இடம் உண்டு. மூன்றாவது, பேச்சுக்கான அசைவைத் திட்டமிடுவதிலேயே சிரமப்படும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கும் சொற்களை, அசைகளைச் சொல்லிச் சொல்லிப் பழகுவதுதான் வழி. அதாவது டெமாஸ்தனிஸ் வழி, கல் இல்லாமல். நான்காவது, கை. சைகை கற்றால், படம் காட்டிப் பேசப் பழகினால் பிள்ளைக்கு வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் மிலானிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. 2006-ல் மில்லர், லைட், ஷ்லாசர் மூவரும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சைகையோ படமோ கற்றதால் பேச்சு குறைந்துபோன ஒருவர்கூட அவற்றில் இல்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. இந்தியாவில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டைத் தனி வகையாக ஏற்றிருக்கிறது, சைகை மொழிக்கும் அதில் இடம் உண்டு. சட்டத்தில் உள்ள இடம் வீட்டிலும் வகுப்பிலும் கிடைக்க வேண்டும். அது நம் வேலை.

பயிற்சியாளர்களை வில்லன்களாக்குவது என் நோக்கமல்ல. அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, நாளொன்றுக்குப் பார்க்கும் பிள்ளைகள் அதிகம். கையில் கருவி இருந்தால் ஏதோ செய்கிறோம் என்கிற ஆறுதல் அவர்களுக்கும் கிடைக்கிறது, தாய்க்கும் கிடைக்கிறது. ஊதல் காலத்தில் பிள்ளைக்குப் பேச்சு வந்தால் (பல பிள்ளைகளுக்குத் தானாகவே வரும்) ஊதலுக்குப் பெயர். வராவிட்டால் தாய் சரியாகப் பயிற்சி தரவில்லை என்று அவள் தலையில் விழும். கருவி ஒருபோதும் தோற்பதில்லை, தாய்தான் தோற்கிறாள். இந்தக் கணக்கைத்தான் உடைக்க வேண்டும். டப்பாவைக் கையில் தருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: இந்தப் பத்து நிமிடத்தில் என் பிள்ளை யாரோடாவது எதையாவது பேசுகிறானா?

அக்கா கேட்டாள். சரியான பதில் வரவில்லை. அவள் வேறு ஒருவரிடம் போனாள். அந்தப் பெண் பெட்டி எதுவும் திறக்கவில்லை. தரையில் உட்கார்ந்து பையனோடு பஸ் ஓட்டினாள். அவன் தள்ளினால் இவளும் தள்ளினாள், அவன் நிறுத்தினால் ‘போ?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். காத்திருப்பதுதான் அங்கே முழு நுட்பமும். வீட்டிலும் அதையே செய்யச் சொன்னாள், கூடவே நாலைந்து சைகைகள்.

இப்போது அவனுக்கு நாலு வயது. கையும் வாயுமாகப் பேசுகிறான். எல்லாம் தெளிவாக இல்லை. எனக்குப் பாதி புரியாது, அக்காவுக்கு முக்கால்வாசி புரியும். போன வாரம் டம்ளர் கையில் வந்த பிறகு, ஒரு வாய் குடித்துவிட்டு, நுரை ஒட்டிய உதட்டோடு ‘பா’ என்றான். கேட்பதற்காகச் சொல்லவில்லை, பால்தான் கையில் இருக்கிறதே. அக்கா டம்ளரைப் பார்த்து, “ஆமாடா, பால்!” என்றாள். இத்தார் அந்தச் சமையலறையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.